கழுத்தில் கிடந்த கை

ஜெயக்கொடிக்கு நடந்தது அநியாயம். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பாதிக் கதையில் யாராவது எழுந்து "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கே" என்று சமாதானம் பேச வந்துவிடுவார்கள். சாத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கும் காளிராஜ் தாலியை எடுத்துக் கழுத்துக்கு அருகே கொண்டுவந்த அந்த நொடியில், தன் கழுத்தில் ஏறப்போவது எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில், அந்த ஆசைகூட ஒரு கல்யாணப் பெண்ணுக்கு இருக்கக் கூடாதா, ஜெயக்கொடி தலையை நிமிர்த்தினாள்; நிமிர்ந்த தலையைப் பின்னாலிருந்து ஒரு கை பிடரியில் பிடித்து ஒரே அமுக்காக அமுக்கியது; அமுக்கிய வேகத்தில் கழுத்துக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது; அந்தச் சத்தத்தைக் கெட்டிமேளம் விழுங்கிவிட்டது. அவளுக்கு மட்டும்தான் கேட்டது. அவள் சொன்னாள். யாரும் நம்பவில்லை. அதுதான் அநியாயம், அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அன்று இரவே தலைவலி வந்தது. கல்யாண அலைச்சல் என்றார்கள். ஒரு வாரம் கழித்தும் இருந்தது, புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். ஒரு வருஷம் கழித்தும் இருந்தது, ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்றார்கள், பிள்ளை பிறந்தது, தலைவலி அதையும் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பிடரியில் கிளம்பி, வலது காதுக்குப் பின்னால் ஏறி, உச்சியைச் சுற்றிக்கொண்டு வந்து, வலது கண்ணுக்குப் பின்னால் ஆணி அடித்தாற்போல நிற்கும் அந்த வலிக்கு, அவள் வாழவந்த வண்டிப்பேட்டைத் தெரு வைக்காத பெயர் இல்லை. ஈரத் தலையோடு படுக்கிறாள் என்றது தெரு. முடி அடர்த்தி, பாரம் தாங்கவில்லை என்றது. அவள் பாதி முடியை வெட்டிப்போட்டாள், லட்சணமான முடியை வெட்டிவிட்டாளே என்று அதற்கும் திட்டியது. கண்ணில் பவர் என்று கண்ணாடி போட்டார்கள், சைனஸ் என்று ஆவி பிடித்தார்கள், காப்பியை நிறுத்தச் சொன்னவர்களே கடுங்காப்பி குடிக்கச் சொன்னார்கள், கண்ணேறு என்று மிளகாயைச் சுற்றிப் போட்டார்கள், தும்மல் வந்ததே தவிர வலி போகவில்லை. கடைசியில் மதுரைக்குப் போய் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையில் ஒன்றும் இல்லை என்று பெரிய டாக்டர் சொன்னார். காளிராஜுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முறுக்குத் தட்டோடு இந்த வாக்கியத்தையும் சேர்த்து வைப்பான்.

"நான் சொன்னா கோவப்படுவா. ஸ்கேன்லயே சொல்லிட்டாங்க, இவ மூளையில ஒண்ணும் இல்லைன்னு."

விருந்தாளிகள் சிரிப்பார்கள். ஜெயக்கொடி வலது கண்ணை மூடிக்கொண்டு காப்பி ஆற்றுவாள்.

கழுத்தை ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தாலிச் சரடு கனமா, செயின் பழசா புதுசா, கல்யாணத்தில் போட்ட ஆரம் இன்னும் இருக்கிறதா அடகுக்குப் போய்விட்டதா என்று தெருவே தினமும் பார்த்த கழுத்துதான் அது. நகைக்காகப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் கழுத்தைத் தவிர அதில் கிடந்த எல்லாவற்றையும் பார்த்தார்கள். அவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்தாள். குனிந்து தைக்கத் தைக்க வலி ஏறியது, வலி ஏற ஏற மாத்திரை போட்டாள், பிற்பாடு மாத்திரை போடாத நாளில் அதற்காகவே தனியாக வலித்தது. இப்படிப் பதினோரு வருஷம்.

பன்னிரண்டாம் வருஷம், புரட்டாசி மாதத்தில் ஒரு காலை, லைனிங் துணி வாங்க அவள் டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, பின் சீட்டில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா அவள் தோளைத் தட்டினாள்.

"ஏம்மா, ஒங்கூட வந்தவுக எங்க?"

"நான் தனியாத்தான் வந்தேன்."

"அப்ப ஒங்கழுத்தப் பிடிச்சிருக்கது யாரு?"

ஜெயக்கொடி கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தாள். அங்கே ஒரு கை இருந்தது. மணிக்கட்டோடு முடிந்துபோன ஒரு வலது கை, உள்ளங்கை பிடரியில் படிய, கட்டைவிரல் இடது காதுக்குக் கீழேயும் மற்ற நான்கு விரல்கள் வலது காதுக்குக் கீழேயும் அழுந்த, பிடித்த பிடியை விடாமல் இருந்தது. மணிக்கட்டில் பச்சைக் கண்ணாடி வளையல்கள். விரல் நுனிகளில் அன்று காலைதான் கழுவியதுபோல மருதாணிச் சிவப்பு. சந்தனமும் பன்னீரும் மணத்தது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. ஜெயக்கொடி அலறவில்லை. "அதானே," என்றாள். பதினோரு வருஷமாகத் தான் சொன்னதைத்தான் இப்போது கை சொல்கிறது, இதில் அலற என்ன இருக்கிறது?

கண்டக்டர் வந்தார். பார்த்தார். பெண்களுக்குக் கொடுக்கும் இலவசச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, இன்னொன்றும் கிழித்தார்.

"வளையல் போட்டிருக்கதனால பொம்பளக் கைன்னு எடுத்துக்கிறேன். ஆம்பளக் கையா இருந்தா காசு எடுக்கணும். செக்கிங் வந்தா நீங்கதான் பதில் சொல்லணும், சொல்லிட்டேன்."

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. முதல் நாள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். இரண்டாம் நாள் வந்து தொட்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து அதுவும் தெருவில் இருக்கிற ஒன்றாகிவிட்டது, தண்ணீர் வராத அடிபம்பைப் போல, கிழக்கே சாய்ந்த மின்கம்பத்தைப் போல. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அந்தக் கையோடு கை குலுக்கப் பார்த்தார்கள், அது பிடியை விட்டால்தானே குலுக்கும். வளையல்காரர் தெருவுக்குள் வந்தபோது, ஒற்றைக் கைக்கு எத்தனை வளையல் என்று கேட்டுவிட்டு, சும்மா இருக்கட்டும் என்று சிவப்பில் ரெண்டு சேர்த்துப் போட்டுவிட்டுப் போனார். ஜெயக்கொடி தன் ஜாக்கெட்டுக்கெல்லாம் பின்கழுத்தை மணிக்கட்டுக்கு ஏற்ற மாதிரி அகலமாக வெட்டித் தைத்துக்கொண்டாள். அது புது ஃபேஷன் என்று நினைத்துக்கொண்டு சிவகாசியிலிருந்து ரெண்டு பெண்கள் அதே மாதிரி வேண்டும் என்று துணியோடு வந்தார்கள். முன்னாலும் பின்னாலும் கண்ணாடி வைத்திருந்த சலூனில், வேலை முடிந்தபின் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு வந்து, சும்மா பார்க்கிறோம் என்று தங்கள் பிடரியைத் தாங்களே பார்த்துக்கொண்டு போனார்கள். பார்த்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் மாறியது. ஜெயக்கொடி தலை வலிக்கிறது என்றால் இப்போது யாரும் ஈரத்தலையைப் பற்றிப் பேசுவதில்லை. "ஆமா, அவ்வளவு பெரிய கை கெடந்தா வலிக்காதா," என்றார்கள், நேற்றுத்தான் அந்தத் தெருவுக்குக் குடிவந்தவர்களைப் போல. கண்ணுக்குத் தெரிந்தால்தான் வலியா என்று அவளுக்குக் கோபம் வந்தது. கோபப்பட்டால் வலி ஏறும் என்பதால் தள்ளிவைத்தாள்.

மாரியம்மன் கோயில் பூசாரி விபூதி போட்டுப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார். வைத்தவர் வந்து தன் கையை அந்தக் கைமேல் வைத்து 'எடுத்துக்கிட்டேன்' என்று சொன்னால் இறங்கிவிடும், வேறு யாராலும் இறக்க முடியாது. உடனே தெருவுக்கு ஒரு வேலை கிடைத்தது. முதலில் கல்யாண வீடியோவைப் போட்டார்கள். காளிராஜ் வீட்டு டிவி முன்னால் தெருவே உட்கார்ந்தது. மாப்பிள்ளை அழைப்பு, பந்தி, பந்தியில் யார் யார் ரெண்டாவது தடவை பாயசம் கேட்டார்கள் என்பதுவரை எல்லாம் தெளிவாக இருந்தது. தாலியை எடுத்தார்கள். ஜெயக்கொடி நிமிர்ந்தாள். அந்த இடத்தில், வீடியோக்காரர் தன் கைவேலையைக் காட்டுவதற்காக, திரை முழுக்க ஒரு ரோஸ் கலர்த் தாமரையை மலரவிட்டிருந்தார். தாமரை இதழ் இதழாக விரிந்து, அதற்குள்ளிருந்து ரெண்டு புறா பறந்து, மறுபடி மூடிக்கொண்டபோது தாலி ஏறியிருந்தது, ஜெயக்கொடி குனிந்திருந்தாள்.

"புறாவ மட்டும் பாரு, எவ்வளவு கிளியரா இருக்கு," என்றான் காளிராஜ், யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பந்தல் போட்டார்கள். கல்யாணத்துக்கு வந்திருந்த பெண்கள் எல்லோரும் வரிசையாக வந்து ஜெயக்கொடியின் பிடரியில் கை வைத்துப் பார்த்தார்கள். ஆனால் பதினோரு வருஷத்தில் எல்லோர் கையும் மாறியிருந்தது, பருத்தும் மெலிந்தும் காய்த்தும் நரம்பெடுத்தும். அந்தக் கைக்கு மட்டும் வயதாகவில்லை. கல்யாணத்தன்று எல்லோருக்கும் ஒரே பெண்தான் ஒரே கோலத்தில் மருதாணி வைத்துவிட்டிருந்தாள், வளையலும் ஒரே பெட்டி. சிலர் 'எடுத்துக்கிட்டேன்' என்று உரக்கச் சொன்னார்கள், சிலர் வாய்க்குள் சொன்னார்கள், ஒருத்தி சொல்லிவிட்டு, "நான் வைக்கலை, எதுக்கும் இருக்கட்டும்னு சொன்னேன்," என்றாள். கை அசையவில்லை.

அந்த வரிசைக்கு வராத ஒருத்தி சண்முகக்கனி. காளிராஜின் அக்கா, எதிர்வீடு, வாசலில் தோசைக்கடை போட்டிருந்தாள். அப்பா செத்தபின் அடுப்பைப் பிடித்துத் தம்பியைப் படிக்கவைத்து, அவன் கல்யாணத்தை ஒற்றை ஆளாக நடத்தியவள். அம்மா தாலியறுத்தவள் என்று மணவறைப் பக்கம் வரவிடாமல் தூணுக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டார்கள். அம்மா செய்ய வேண்டியதையும் அக்கா செய்ய வேண்டியதையும் சேர்த்துச் சண்முகக்கனிதான் செய்தாள். ஜெயக்கொடிக்குப் பிரசவம் பார்த்தவள், வலி தாங்காமல் அவள் படுத்த நாட்களில் சோறு கொண்டுவந்து கொடுத்தவள். கெட்டவள் இல்லை, இந்தக் கதையில் எரிச்சலூட்டுகிற விஷயமே அதுதான். கெட்டவளாக இருந்திருந்தால் ரெண்டு பேச்சில் முடிந்திருக்கும். அவள் தோசைக்குச் சாத்தூர் முழுக்கப் பெயர். கரண்டியே கிடையாது, கொதிக்கிற கல்லில் வலது கையை வைத்து வெறும் விரலால் தோசையைத் திருப்புவாள். சுடாதா என்று கேட்டால், "பழகிருச்சு," என்பாள். அந்தக் கையில் எத்தனையோ வருஷமாக உணர்ச்சியே இல்லை, சுகர் என்று அவளாகவே முடிவு செய்து வைத்திருந்தாள்.

"மதினி, நீங்களும் ஒரு தடவை வந்து வச்சுப் பாருங்களேன்," என்று ஜெயக்கொடி தெருவைத் தாண்டிப் போய்க் கேட்டாள்.

"நான் நாத்தனார் விளக்குல்ல பிடிச்சிருந்தேன். எனக்குக் கை ஏது?" என்று சொல்லிவிட்டு, சண்முகக்கனி மாவைக் கல்லில் ஊற்றினாள். விளக்கை ஒரு கையால்தான் பிடிப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாததில்லை. யாரும் அதைச் சொல்லவில்லை.

பந்தலைப் பிரிப்பதற்குமுன் ஜெயக்கொடி எழுந்து நின்றாள். "யாரு கைன்னு சொல்லுங்க. நான் சண்டைக்கு வர மாட்டேன். எனக்குத் தெரிஞ்சாப் போதும்." பந்தல்காரர் கயிற்றை அவிழ்த்தார். பெண்கள் பிள்ளைகளைத் தேடினார்கள்.

அதற்குப் பிறகுதான் அவள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள், அதுவும் காளிராஜ் சொல்லி இல்லை, தானாக. சீட்டு எழுதும் இடத்தில் இருந்தவர் பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஒங்க கையின்னா எலும்பு டாக்டருக்கு எழுதலாம். அடுத்தவங்க கைய எந்தக் கணக்குல எழுத?"

"கழுத்து என்னோடது," என்றாள் ஜெயக்கொடி.

எலும்பு டாக்டர் அவளைப் பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே ரிஸ்வானா இருந்தாள், வெள்ளைக் கோட்டின் கையை முழங்கைவரை மடித்துவிட்டவள், பேச்சைக் குறைத்துச் செலவழிப்பவள். பின்னால் பெஞ்சில் ரெண்டு மூன்று ஆண்கள் முழங்காலுக்கு வெந்நீர்ப் பை வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"தலைவலி எப்ப இருந்து?"

"கல்யாணத்துல இருந்து."

பெஞ்சு சிரித்தது. ரிஸ்வானா சிரிக்கவில்லை. "கல்யாணத்துல என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

பதினோரு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. ஜெயக்கொடி சொன்னாள், நிமிர்ந்ததை, அமுக்கியதை, உள்ளே கேட்ட சத்தத்தை. ரிஸ்வானா பின்னால் வந்து நின்றாள். கையைப் பார்த்தாள். அது அங்கே கிடப்பதில் அவளுக்கு ஒரு ஆச்சரியமும் இருந்ததாகத் தெரியவில்லை. அவளுக்கு இடம்தான் பிரச்சினை. "இந்த வளையலக் கொஞ்சம் மேல தள்ளிப் பிடிச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு, மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்குகிற இடத்தில், அந்தக் கையின் ஆள்காட்டி விரலுக்கு அருகே, தன் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தினாள்.

"இங்க அமுக்கினா எங்க வலிக்குது?"

"கண்ணுக்குப் பின்னால." ஜெயக்கொடியின் வலது கண்ணிலிருந்து நீர் இறங்கியது. வலியினால் இல்லை. அந்த ஆணியின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறதே, அதனால்.

"தலையில ஒண்ணும் இல்லைன்னு சொன்னது சரிதான்," என்றாள் ரிஸ்வானா. "கழுத்துல பாக்காததுதான் தப்பு. மேல இருக்க ரெண்டு மூணு எலும்போட மூட்டு அன்னைக்கு அடிபட்டு இறுகிப்போச்சு. அங்க இருக்க நரம்பும் மொகத்துக்குப் போற நரம்பும் உள்ள ஒரே இடத்துல போய்ச் சேருது. அதனால கழுத்து அழுதா கண்ணு அழுவுதுன்னு மூளை நினைச்சுக்குது. சரி பண்ணலாம். ஆனா மாயமந்திரம் இல்லை, மெதுவாத்தான் போகும்."

"வச்சவங்க வந்து எடுத்தாத்தான் போகும்னு பூசாரி..."

"கை யாருதுன்னு கண்டுபிடிக்கிறது என் வேலை இல்லைக்கா. கழுத்து யாருதுன்னு எனக்குத் தெரியும். அது போதும்."

அன்றிலிருந்து வைத்தியம் தொடங்கியது. ரிஸ்வானா தன் விரல்களால் அந்த மூட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துவிட்டாள், ஒரு நாளும் வெடுக்கென்று திருப்பவில்லை. வீட்டில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு. பஞ்சுத் தலையணைகளை அடுக்கிப் படுப்பதை விட்டு, கழுத்துக்கு அணைவாக ஒன்றே ஒன்று. தையல் மெஷினைச் செங்கல் வைத்து உயர்த்தி, குனியாமல் தைக்கும்படி நாற்காலியை மாற்றிப் போட்டான் காளிராஜ். மாத்திரையை டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைத்தார்கள். தினமும் ரெண்டு வேளை, நிமிர்ந்து உட்கார்ந்து, யாரோ முகத்துக்கு நேரே மீனை நீட்டினால் ஒதுங்குவதுபோலத் தாடையைப் பின்னால் இழுத்து, ரெட்டைத் தாடை விழ, மூச்சு விட்டு, தளர்த்தி, மறுபடி இழுத்து, தோள்பட்டை ரெண்டையும் பின்னால் சேர்த்து, மறுபடி. பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. முதல் வாரத்தில் வலி கூடிவிட்டது. இனிமேல் வர மாட்டேன் என்று சொல்வதற்காகவே அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். "திட்டணும்னா திட்டுங்க, தாடைய உள்ள இழுத்துக்கிட்டுத் திட்டுங்க," என்றாள் ரிஸ்வானா. அப்படித் திட்ட முடியாது. ஜெயக்கொடி சிரித்துவிட்டாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், சுண்டுவிரல் எழுந்தது.

அதைப் பார்த்தது தெருமுனை இஸ்திரிக்காரர். "யக்கா, ஒரு விரல் எந்திரிச்சு நிக்கி," என்றார். இஸ்திரிப் பெட்டியின் சூடு ஆறும் முன்னால் செய்தி தெருக்கோடி போய்ச் சேர்ந்தது. அப்புறம் வண்டிப்பேட்டைத் தெருவுக்கு அதுவே பேச்சானது. கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று விசாரிப்பதைப் போல, மோதிர விரல் அசைந்ததா என்று விசாரித்தார்கள். ரேஷன் வரிசையில் பெண்கள் பேசிக்கொண்டே தாடையை உள்ளே இழுத்தார்கள், சேர்ந்தாற்போல, எதிரே நின்ற மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர் தன்னைத்தான் பழிக்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டார். பூசாரிகூட, கோயில் பின்புறம் யாரும் இல்லாத நேரத்தில், பக்கவாட்டில் தலையைச் சாய்த்து எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. காளிராஜ் சாயங்காலம் வந்ததும் துண்டை வெந்நீரில் போடுவான். விருந்தாளி ஒருவர் பழைய ஞாபகத்தில், "என்னப்பா, மூளையில ஒண்ணும் இல்லைன்னு சொல்வியே," என்று எடுத்துக்கொடுத்தார்.

"அது என்னையச் சொன்னது," என்றான் காளிராஜ், துண்டைப் பிழிந்துகொண்டே.

மோதிர விரல் எழுந்தது. நடுவிரல் எழுந்தது. ஆள்காட்டி விரல் ரொம்ப நாள் பிடிவாதம் பிடித்தது, அதற்குத் தைப்பொங்கல் தாண்ட வேண்டியிருந்தது. கடைசியில், மாசியில் ஒரு சாயங்காலம், ஜெயக்கொடி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தாடையை இழுத்துத் தளர்த்தியபோது, கட்டைவிரல் தானாக நெகிழ, அந்தக் கை நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்த கம்பியை விடுகிற கைபோல விட்டது. முதுகு வழியாக இறங்கி, நாற்காலியில் விழுந்து, வளையல் ஒரு தடவை சிணுங்கி, அப்புறம் காணாமல் போனது. சந்தன வாசனை மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

ஜெயக்கொடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. அந்த விசில் மண்டைக்குள் வந்து எதையும் குத்தவில்லை. வெறும் விசிலாகவே இருந்தது. ஜன்னலில் வெயில் வெறும் வெயிலாக இருந்தது. அவள் இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள், அங்கே சுவர் இருந்தது. வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள், காலண்டர் இருந்தது. இப்படிச் சும்மா திரும்பிப் பார்ப்பதற்கு இவ்வளவு இருக்கிறதா என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டில் ஒரு அலறல் கேட்டது.

தோசைக்கல் முன்னால் சண்முகக்கனி வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாப்பிட வந்தவர்கள் தட்டோடு எழுந்து நின்றார்கள். விரல்கள் சிவந்திருந்தன. பாதி திருப்பிய தோசை கல்லில் கருகிக்கொண்டிருந்தது.

"சுட்டுருச்சு," என்றாள் சண்முகக்கனி, உலகத்தில் இல்லாத ஒன்று நடந்துவிட்டதைப் போல. "தோசைக்கல்லு சுடுது."

ஜெயக்கொடி தெருவைத் தாண்டி வந்தாள். அவள் பின்னால் யாருமில்லை, கழுத்திலும் எதுவுமில்லை. தண்ணீர்ப் பானைக்குள் மதினியின் கையைப் பிடித்து முக்கினாள். தெரிந்துவிட்டது, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது. பதினோரு வருஷத்துக் கணக்கை எல்லாம் அங்கேயே வைத்துக் கேட்டிருக்கலாம், கேட்டிருக்க வேண்டும் என்றுகூடச் சொல்லலாம். அவள் கேட்டது வேறு.

"வலிக்குதா மதினி?"

சண்முகக்கனி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கழுத்தைத்தான் பார்த்தாள். "வலிக்குது," என்றாள். மறுநாள் கடைக்கு ஒரு தோசைக் கரண்டி வாங்கினாள்.

தெருவுக்கு இன்னொரு தடவை பேச ஒன்று கிடைத்தது, பேசித் தீர்த்தது, பூசாரி, தன் விபூதிதான் மெதுவாக வேலை செய்தது என்றார், அவரை யாரும் மறுக்கவில்லை. ஜெயக்கொடிக்கு எப்போதாவது, அதிகமாகத் தைத்த நாளில், பிடரி லேசாக இறுகும். தாடையை உள்ளே இழுப்பாள், தோளைச் சேர்ப்பாள், போய்விடும். வலி போனதற்கு, பந்தலில் அவள் கேட்ட 'யாரு கை' என்ற கேள்விக்குப் பதில் தேவைப்படவில்லை. ஆனாலும் தன் வாயால் சொல்ல வேண்டியவள் சொல்லாத அந்தப் பதில் பாக்கி இருந்தது. வலி போய்விட்டதே, இனி எதற்கு அது என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: நம்பாமல் விட்டதற்கு வெந்நீர்த் துண்டு வைக்க முடியாது.

வைகாசியில் சண்முகக்கனியின் மகள் யோகலட்சுமிக்குக் கல்யாணம், அதே மண்டபத்தில். முந்தின நாள் ஜாக்கெட் போட்டுப் பார்க்க வந்தவள், "அத்தை, தாலி கட்டும்போது நான் நிமிர்ந்து பாக்கணும்," என்றாள். "ஊர்ல எல்லாரும் பாக்குறாங்க, என் கழுத்துல கட்டுறத நான் மட்டும் பாக்கக் கூடாதா?" ஜெயக்கொடி வாயில் ஊசியோடு பின்கழுத்தில் ஒரு பிடிப்பைத் தளர்த்திவிட்டாள். வாசலில் நின்ற சண்முகக்கனி மகள் சொன்னதைக் கேட்டாள்.

முகூர்த்த நேரம். மணவறையில் மாப்பிள்ளையின் அக்கா நாத்தனார் விளக்கை இடது கையில் பிடித்து, பெண்ணுக்குப் பின்னால் நின்றாள், நல்ல பெண், சிரித்த முகம், காலையிலிருந்து பம்பரமாகச் சுற்றியவள். ஐயர் கையை உயர்த்தினார். மேளக்காரர் குச்சியை ஓங்கினார். மாப்பிள்ளை தாலியை எடுத்தான். யோகலட்சுமி நிமிர்ந்தாள். "குனிம்மா, குனி, நேரமாகுது," என்று நாலு பக்கமும் குரல்கள் எழுந்தன, மாப்பிள்ளையின் அக்கா தன் வலது கையைத் தூக்கினாள், மருதாணி சிவந்த கை, வளையல் குலுங்க அது பிடரிக்கு இறங்கியது, பாதி வழியில் இன்னொரு கை வந்து அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. விரல் நுனியில் தீக்காயத் தழும்பு இருந்த கை.

மேளக்காரர் ஓங்கிய குச்சியோடு நின்றார். வீடியோக்காரர் கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு நேரே பார்த்தார். அந்த அமைதியில் யோகலட்சுமி தாலியை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். மாப்பிள்ளை, பாவம், அவள் பார்த்து முடிக்கட்டும் என்று கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தான்.

"என்ன அத்தை," என்றாள் மாப்பிள்ளையின் அக்கா, கோபமாக இல்லை, புரியாமல். "ஒங்க வீட்டுக் கல்யாணத்துல பொண்ணு தலைய யாரும் குனிய வச்சதில்லையா?"

கீழே முதல் வரிசையில் ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள், நிமிர்ந்து. சண்முகக்கனி பிடித்த மணிக்கட்டை விடாமலே திரும்பி அவளைப் பார்த்தாள், தெருவே உட்கார்ந்திருந்த அந்த மண்டபத்தில், தூணுக்குப் பின்னாலும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"வச்சேன்த்தா. அந்தா உக்காந்திருக்காளே எந்தம்பி பொண்டாட்டி, அவ கழுத்துல பதினோரு வருசமாக் கெடந்தது என் கைதான்."